தொலைவிலிருந்து ஊராட்சிக் கணினியைக் கையாளுதல்: சில ஐயங்களும் விளக்கங்களும்

நம் வட்டாரத்து ஊராட்சிகளில் கணக்கு, வரி, வேலைத்திட்டம் முதலியன இன்று கணினி வழியே நடைபெறுகின்றன. கணினி பழுதுற்றால், தொப்பூருக்கோ பாளையம்புதூருக்கோ ஆள் வந்து சேரும்வரை அலுவல் நின்றுவிடுகிறது. ஆதலின், நல்லம்பள்ளியில் இருந்தபடியே அத்திரையைக் கண்டு சரிசெய்ய இயலாதா என்று அன்பர்கள் வினவுகின்றனர். இயலும். ஆயின், கதவைத் திறக்குமுன் அதன் தாழ்ப்பாளைப் பற்றி அறிதல் வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டே விளக்குவோம். அது நமக்குப் புதிதன்று. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ், 2011 முதல் மாணவர்க்கு அரசு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் இடம்பெற்றிருந்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம்.

“உள்ளே நுழைந்தால் கருந்திரையே தெரிகிறதே?” என்பது நம்மிடம் மிகுதியாகக் கேட்கப்பெறும் வினா. தொலைப்பணிக்கு இருவகை உண்டு. ‘விஎன்சி’ முறையில் பெரும்பாலும் இருவரும் ஒரே திரையைக் காண்பர். ஒரே பேரேட்டை இருவர் பார்ப்பது போன்றது. ‘எக்ஸ்ஆர்டிபி’ முறையில் வருபவருக்குத் தனி இருக்கை திறக்கும். ஒரே பயனர் அங்கும் இங்கும் நுழைந்திருந்தால் இரண்டாவது இருக்கை திறவாமற் போவதுண்டு. உதவுபவருக்குத் தனிப்பயனர் பெயர் அமைப்பதே இதற்குப் பரிகாரம். புதிய லினக்ஸ் வகைகளில் ‘வேலண்ட்’ என்னும் திரையமைப்பு இருப்பின் பழைய கருவிகளுக்கு அத்திரை புலப்படாது. நுழையும்போது ‘எக்ஸ்ஆர்க்’ என்னும் தேர்வு காணப்பட்டால் அதனைக் கொள்க.

இணைப்பு மெதுவாயின் வண்ணங்களைக் குறைத்துக்கொள்ளலாம். சிறு பழுதுக்குத் திரையே வேண்டியதில்லை; ‘எஸ்எஸ்எச்’ வழியே எழுத்துக் கட்டளைகள் போதும்.

அந்த எஸ்எஸ்எச் பின்லாந்தில் 1995-இல் தோன்றியது. பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்கள் களவுபோனதைக் கண்ட தாத்து யுலோனென் என்பவர் அதனை இயற்றினார். விஎன்சிக்கு 5900, எக்ஸ்ஆர்டிபிக்கு 3389 என்னும் வாயில் எண்கள் வழக்கமானவை. இவற்றை இணையத்தை நோக்கித் திறந்துவைத்தல் கூடாது. எஸ்எஸ்எச்சின் மறைவழிக்குள்ளேயே செலுத்துக. விஎன்சியின் பழைய வடிவம் திரைக்காட்சியை மறைக்காமலே அனுப்பும் என்பதை நினைவிற் கொள்க.

கடவுச்சொல்லினும் சாவிக்கோப்பு மேலானது. ‘ரூட்’ பெயரில் எவரையும் நுழையவிடற்க. நாம் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், மாறுதல் பெற்றுச் சென்றவரின் நுழைவுரிமை எட்டுத் திங்கள் நீக்கப்படாமல் இருந்தது. தீங்கு நேரவில்லை, அது நம் திறமையன்று, அவருடைய நேர்மையே. யார், எப்பொழுது நுழைந்தனர் என்பதை ‘லாஸ்ட்’ என்னும் கட்டளை காட்டும். திங்கள்தோறும் அதனைப் பார்த்து ஒரு பதிவேட்டில் குறித்தல் நன்று.

எல்லாவற்றினும் கவனிக்க வேண்டியது மின்கையொப்பச் சாவி. 2020-இல் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தின் வழியே நிதிக்குழு மானியத்தைச் செலவிட இருவர் கையொப்பம் வேண்டும். இரு சாவிகளையும் ஒரே கணினியில் செருகிவைத்து, இரகசிய எண்ணையும் மேசையில் ஒட்டிவைப்போமாயின், தொலைவிலிருந்து நுழைந்தவர் கையில் ஊராட்சியின் பணப்பெட்டியே சென்றுவிடும். உதவியாளர் நுழையுமுன் இரண்டையும் கழற்றி, உரியவர் தத்தம் வசம் வைத்துக்கொள்க.

அழையாத ஒருவர் தொலைபேசியில் வந்து ஒரு செயலியை நிறுவச் சொன்னால் மறுத்துவிடுக. ‘எனிடெஸ்க்’ செயலி வழியே நடந்த இத்தகைய மோசடிகளைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. ஏமாந்துவிட்டால் நாணாது, வலையிணைப்பைத் துண்டித்து, வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் உடனே தெரிவிக்க.