கடல் கடந்த பாட்டு

முத்துக்குளித்துறை எனப் புகழ்பெற்ற தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவே உள்ளது. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆதலின் மத்திய அலைகள் நிலத்தைவிடக் கடலின்மேல் வலிமை குன்றாமல் நெடுந்தூரம் செல்லும். இதனால் இலங்கை வானொலி இக்கரையில் உள்ளூர் நிலையம்போலத் தெளிவாக ஒலித்தது.

1952-இல் நம் நாட்டின் ஒலிபரப்புத்துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், மரபிசையே மக்களின் சுவையை உயர்த்தும் எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகின. கருநாடக இசையும் இந்துஸ்தானி இசையும் பெருகின. அவர் நோக்கம் இழிந்ததன்று. அவ்வாண்டு தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சியால் பெரும் வித்துவான்களின் இசை எளியோர் செவிக்கும் எட்டியது. ஆயினும், கேட்க விரும்பாதவரைக் கட்டிப்போட வானொலியால் இயலுமோ? பெட்டியின் திருகைச் சற்றே திருப்பினால் போதும். கொழும்பிலிருந்து திரைப்பாடல்கள், விரும்பிக் கேட்ட நேயர்களின் பெயர்களோடு வந்தன! சிற்றலைவழி வடநாட்டாரும் அந்நிலையத்தின் இந்திப் பாடல்களில் மயங்கினர்.

ஐந்தாண்டுகளில் அரசு தன் போக்கை மாற்றிக்கொண்டது. 1957 அக்டோபர் 3-ஆம் நாள், மெல்லிசைக்கும் திரையிசைக்கும் இடமளிக்கும் விவித் பாரதி தொடங்கப்பெற்றது. 1963-இல் திருநெல்வேலியில் வானொலி நிலையம் அமைந்தது. ஊர்க்கோயில் கொடைகளில் முழங்கிய வில்லுப்பாட்டு அதன்வழி வீடுகளுக்குள் புகுந்தது. பின்னாளில் தூத்துக்குடியிலேயே 200 கிலோவாட் ஆற்றலுடைய மத்திய அலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. இலங்கை நேயர்களுக்கான தமிழ் நிகழ்ச்சிகள் அங்கிருந்து அதே கடலைக் கடந்து சென்றன.