வெற்றிடத்தின் அழகு

வீடு கட்டுவது ஒரு கலை. கட்டிய வீட்டின் உள்ளிடத்தை வாழ்வார்க்கு ஏற்ப அமைப்பது மற்றொரு கலை. சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்ததும் தம் பணி முடிந்தது எனக் கட்டுவோர் கருதலாம். ஆனால், ஒளி எவ்வழி வருதல் வேண்டும், இருக்கை எவ்வளவு உயரம் இருத்தல் வேண்டும், அடுக்களையில் நிற்பவர் ஒரு கலத்தை எடுக்க எத்தனை அடி நடக்க வேண்டும் என்பனவற்றை எண்ணிப் பார்ப்பார் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் பிரான்சு நாட்டுச் சார்லட் பெரியாண்ட் அம்மையார்.

இவர் 1903ஆம் ஆண்டு பாரிசு நகரில் பிறந்தார். தந்தையார் தையற்கலைஞர், தாயாரும் உயர்ந்த ஆடைகள் தைப்பதில் கைதேர்ந்தவர். இளமையில் ஒரு முறை நோயுற்று அறுவை மருத்துவத்திற்காக மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. வெண்சுவரும் ஒரு கட்டிலுமாக விளங்கிய அந்த அறை சிறுமியின் உள்ளத்தைக் கவர்ந்தது. நலம் பெற்று வீடு திரும்பியபோது, தட்டுமுட்டுப் பொருள்கள் நிறைந்த தம் இல்லத்தைக் கண்டு அவர் அழுதாராம். பொருள் இல்லாத இடத்திற்கும் ஓர் அழகு உண்டு என்பதை அந்த அகவையிலேயே தாம் உணர்ந்ததாகப் பிற்காலத்தில் அவர் நினைவு கூர்ந்தார்.

பாரிசில் அணிகலைப் பள்ளி ஒன்றில் 1920 முதல் 1925 வரை பயின்றார். பள்ளியில் கற்றது பழைய அரண்மனைப் பாங்கு. அவர் கண் சென்றதோ தெருவில் ஓடிய மோட்டார் வண்டிகளின்பால். அவற்றின் பளபளக்கும் உலோகமும் மிதிவண்டியின் எஃகுக் குழாயும் வீட்டினுள் வரலாகாதா என்று எண்ணினார். செருமனியில் மார்செல் பிராயர் என்பார் 1925ஆம் ஆண்டிலேயே எஃகுக் குழாயால் நாற்காலி செய்திருந்தார். ஆயினும் பிரான்சில் மரமே அரசு செலுத்தி வந்தது. பெரியாண்ட் பந்து போன்ற உலோக மணிகளைக் கோத்து மாலையாக அணிந்து திரிந்தார் என்றால், அவருடைய ஆர்வத்தை என்னென்பது!

பிற்காலத்தில் நம் நாட்டுச் சண்டிகர் நகரை வகுத்த லெ கொர்பூசியே அப்பொழுது பாரிசில் பணிமனை நடத்தி வந்தார். அவருடைய நூல்களைக் கற்று வியந்த அம்மையார், 1927இல் அவரிடம் வேலை வேண்டிச் சென்றார். இங்கு மெத்தைக்குப் பூவேலை செய்வதில்லை என்னும் கருத்துப்பட அவர் மறுத்துவிட்டார். பெண் என்றால் பூத்தையலே என எண்ணினார் போலும். அம்மையார் சொற்போர் தொடுக்கவில்லை. அவ்வாண்டுக் கலைக்காட்சியில், மாடத்தின்கீழ் அமைந்த தம் அறையை அலுமினியமும் நிக்கல் பூசிய செம்பும் கொண்டு அமைத்துக் காட்டினார். அதனைக் கண்ட லெ கொர்பூசியே தாமே அவரைப் பணிக்கு அழைத்துக்கொண்டார்.

லெ கொர்பூசியே, அவர் உறவினர் பியர் ஜானரே, அம்மையார் ஆகிய மூவரும் சேர்ந்து 1928இல் உருவாக்கிய சாய்விருக்கை உலகப் புகழ் வாய்ந்தது. சாய்பவர் விரும்பியவாறு அதன் மேற்பகுதியைச் சரித்துக்கொள்ளலாம். ஆயினும், மூவர் உழைப்பில் விளைந்த பொருள்கள் நெடுங்காலம் ஒருவர் பெயராலேயே பெரிதும் பேசப்பட்டன. இது நேரியதன்று.

எஃகின்மேல் கொண்ட காதல் அவரைக் கட்டிப்போடவில்லை. 1930க்குப் பின்னர், ஓவியர் பெர்னான் லெஜேயுடனும் ஜானரேயுடனும் கடற்கரைகளில் அலைந்து, அலை தேய்த்த கூழாங்கல், கரை ஒதுங்கிய கட்டை, எலும்பு முதலியவற்றைத் தேடி எடுத்துப் படம் பிடித்தார். மூலை முடுக்கற்ற அவ்வடிவங்கள் அவர் செய்த மரமேசைகளில் குடிகொண்டன. 1937இல் லெ கொர்பூசியேயின் பணிமனையை விட்டுத் தனிவழி சென்றார்.

1940இல், கைத்தொழிற் கலைக்கு அறிவுரைஞராக வருமாறு சப்பானிய அரசு அவரை அழைத்தது. செருமானியப் படை பாரிசில் புகுந்த அந்நாள்களில் அவர் மார்சேயில் கப்பலேறினார். சப்பானில் சோரி யானாகி என்னும் இளைஞர் வழிகாட்ட, ஊர்தோறும் சென்று கைவினைஞரைக் கண்டார். பாயும் நகரும் தட்டியும் அன்றி வேறொன்றும் இல்லாத அந்நாட்டு அறைகள் அவர் உள்ளம் நெடுநாள் நாடியதைக் காட்டின. அங்கே எஃகு தேடவில்லை. தம் சாய்விருக்கையையே மூங்கிலால் மீண்டும் படைத்தார். 1941இல் தோக்கியோவில் தம் ஆய்வின் பயனைக் காட்சியாக வைத்தார். போர் மூண்டமையால் 1942இல் அந்நாட்டை விட்டு இந்தோசீனம் சென்றார். தாயகம் திரும்பியது 1946இல்தான்.

மார்சேயில் எழுந்த பெருங்குடியிருப்பின் சமையலறைக்கு முதல் வடிவம் வகுத்தவரும் இவரே. அடுக்களையைக் கூடத்தை நோக்கித் திறந்துவிட்டார். சமைப்பவர் சுவருக்குப் பின்னால் தனித்து உழலாமல், வீட்டாரோடு உரையாடிக்கொண்டே வேலை செய்ய முடிந்தது. 1967 முதல் ஆல்ப்சு மலையில் லெசார்க் என்னும் பனிச்சறுக்கு ஊரை அமைக்கும் பணியில் ஏறத்தாழ இருபது ஆண்டு ஈடுபட்டார். பனிக்காலத்தில் மலைமேல் கட்டட வேலை நடவாது; ஆதலின் குளியலறைகளைத் தொழிற்சாலையிலேயே முழுதாக வார்த்துக் கொண்டுவந்து பொருத்தச் செய்தார்.

அம்மையார் 1999இல் மறைந்தார். அதற்கு ஆறாண்டு முன்னர், தம் தொண்ணூறாம் அகவையில், பாரிசில் யுனெசுகோ வளாகத்தில் ஒரு தேநீர்க் குடில் அமைத்தார். சுற்றிலும் மூங்கில், மேலே ஒளி ஊடுருவும் பாய்க்கூரை, உள்ளே, விருந்தினர் அமரப் பாயும் தேநீர்க் கலங்களும்.