மோசேயின் கைகள்

அன்பு மருமகளே,

விடுதியிலிருந்து நீ எழுதிய நாலு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். அம்மாவின் கட்டிலருகே ஜெபிக்க வந்த ஊழியக்காரர், போகிற போக்கில், "விசுவாசம் பத்தல சிஸ்டர், அதான் சுகம் தாமதமாகுது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து ஞாயிறு ஆராதனையில் விசுவாசப் பிரமாணம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையாம். அந்தப் பேச்சு என் தங்கச்சியை எப்படிக் குத்தியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. வேதத்தில் இல்லாத பேச்சு அது.

விசுவாசம் என்றால் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நடக்கும், நடக்கும்" என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வது என்றே பலரும் நினைக்கிறார்கள். எபிரெயத்தில் அதற்குரிய சொல் எமுனா. உறுதி, சாய்ந்தால் தாங்குவது என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஜெபத்தின் முடிவில் நாம் சொல்லும் ஆமென் பிறந்ததும் அதே வேரில்தான்.

யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். ரெவிதீமில் அமலேக்கியரோடு சண்டை. கீழே யோசுவா போரிடுகிறான், குன்றின் உச்சியில் மோசே கையை உயர்த்தி நிற்கிறார். கை உயர்ந்திருக்கும்வரை இஸ்ரவேலின் பக்கம் ஜெயம். தாழ்ந்தால் அமலேக்கின் பக்கம். வயதானவருக்கு எவ்வளவு நேரம் கை நிற்கும்? ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்காரவைக்கிறார்கள். ஆரோன் ஒரு கையையும் ஊர் என்பவர் மறு கையையும் தாங்கிக்கொள்கிறார்கள். பொழுது சாயும்வரை அந்தக் கைகள் தளராமல் இருந்தன என்று சொல்லும் இடத்தில் எபிரெய வேதம் எமுனா என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறது. நீதிமான் எதனால் பிழைப்பான் என்று ஆபகூக் சொல்லும்போதும் அதே சொல். அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் பவுல் ரோமருக்கு எழுதுகிறார்.

விசுவாசத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்லும், சோர்ந்துபோய் இரண்டு பேர் தாங்கியதால் நின்ற அந்தக் கைகளும்தான் கண்முன் வரும். நம் தமிழுக்கும் இது புதிதல்ல. ஒருவரை விசுவாசமான ஆள் என்று சொன்னால், கைவிடாமல் கூடவே நிற்பவர் என்றுதானே பொருள்?

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறான். வலிப்பு கண்டு தீயிலும் தண்ணீரிலும் விழுகிற மகனைச் சீஷர்களிடம் கொண்டுவந்தான், அவர்களால் முடியவில்லை. இயேசுவிடமும், உம்மால் முடிந்தால் செய்யும் என்றுதான் இழுத்துப் பேசுகிறான். விசுவாசம் என்ற பேச்சு வந்ததும் அவனுக்கு அழுகை வந்துவிடுகிறது. எனக்கு விசுவாசம் இருக்கிறது, அவிசுவாசமும் இருக்கிறது, அதற்கு நீர்தான் உதவ வேண்டும் என்று கதறுகிறான். இவ்வளவு உண்மையான ஜெபம் வேதத்தில் அபூர்வம் என்பேன். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளை எழுந்து நின்றான்.

இதே சம்பவத்தை மத்தேயுவிலும் படி. எங்களால் ஏன் முடியவில்லை என்று சீஷர்கள் தனியே வந்து கேட்கிறார்கள். குறை உங்கள் விசுவாசத்தில் என்கிறார் ஆண்டவர். சுகமாக்க வந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். கடுகளவு இருந்தால் போதும் என்று சொன்னதும் அப்போதுதான். கடுகளவு போதுமென்றால் படி கொண்டு அளப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

பவுலின் சரீரத்தில் ஒரு முள் இருந்தது. எடுத்துவிடும்படி மூன்று தரம் கெஞ்சினார், எடுக்கப்படவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்ததைத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார், யார்மேலும் பழி போடாமல். எபிரெயர் 11இல் சிங்கத்தின் வாயை அடைத்தவர்களும் வருகிறார்கள், வாளுக்கு இரையானவர்களும் வருகிறார்கள், ஒரே பட்டியலில். கெத்செமனேயில் ஆண்டவர் முகங்குப்புற விழுந்து கேட்டும் பாத்திரம் நீங்கவில்லை. அவருக்கும் விசுவாசம் பத்தவில்லை என்று சொல்லிவிடலாமா?

சுகத்துக்காக ஜெபிக்காதே என்று நான் சொல்லவில்லை. கேள். நானும் விடியற்காலையில் எழுந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கிடைப்பதை வைத்து அம்மாவின் விசுவாசத்துக்கு மதிப்பெண் போடாதே, அவ்வளவுதான்.

உன் மௌனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்னை தெரசா இறந்து பத்தாண்டு கழித்து, 2007இல், அவருடைய கடிதங்கள் புத்தகமாக வந்தன. பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் இருட்டாக இருந்ததை, கடவுள் அருகில் இருப்பதாக உணர முடியாமல் தவித்ததை அவற்றில் எழுதியிருந்தார். அத்தனை வருஷமும் காலையில் எழுந்து ஜெபித்துவிட்டு நோயாளிகளிடம் போய்க்கொண்டுதான் இருந்தார். உணர்ச்சி வற்றியவுடன் விசுவாசம் செத்துவிட்டது என்று நீ முடிவு கட்டிவிட வேண்டாம்.

திருவிருந்தில் நாம் சொல்கிற நிசேயா விசுவாசப் பிரமாணத்துக்கு அடித்தளம் 325இல் நிசேயாவில் கூடிய சபைத் தலைவர்கள் எழுதியது. கிரேக்கத்தில் அவர்கள் அதை 'நான்' என்று தொடங்கவில்லை, பன்மையில்தான் தொடங்கினார்கள். அதனால் வருகிற ஞாயிறும் உனக்கு வாய் வராவிட்டால் சும்மா நில், போகாமல் மட்டும் இருந்துவிடாதே. பக்கத்து வரிசைப் பாட்டி உனக்கும் சேர்த்துச் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு அடுத்த கீமோ. காலை முதல் பஸ்ஸில் அத்தையும் நானும் போகிறோம். போன தடவை போலவே, மருந்து ஏறாத கையை அத்தை பிடித்துக்கொள்வாள். நீ பரீட்சையை முடித்துவிட்டு வா.

அன்புடன்,
உன் மாமா