தங்கவயலில் அகேட் கிடைக்குமா?

விடுமுறைக்குக் கோலார் தங்கவயல் சென்று திரும்பும் நம் சங்க நண்பர்கள் சிலர், "இது அகேட்தானே?" என்று கற்களை என்னிடம் நீட்டுவதுண்டு. நானும் தங்கவயலில் பிறந்தவன், புவியியல் பயில்பவன். இதுவரை கண்டவற்றுள் அகேட் ஒன்றும் இல்லை. அது ஏன் என்பதைச் சிறிது விளக்க விரும்புகிறேன்.

அகேட்டும் ஜாஸ்பரும் ஒரே குடும்பத்தவை. இரண்டும் சிலிக்கா, ஆற்றுமணலில் உள்ள அதே பொருள். படிகங்கள் மட்டும் கண்ணுக்குப் புலப்படாத நுண்மையுடையவை. எரிமலைக் குழம்பு உறைகையில் வாயுக் குமிழ்கள் அதில் அகப்பட்டுப் பொந்துகளாகின்றன. பின்னர் சிலிக்கா கரைந்த நீர் அப்பொந்துகளில் ஊறிப் படலம் படலமாகப் படிந்தால் வரிகளுடைய அகேட் உண்டாகும். இரும்பு மிகக் கலந்து, ஒளி புகாது சிவந்திருப்பது ஜாஸ்பர்.

தக்காணத்து எரிமலைப் பாறைகள் ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை. அவை தேயத்தேய உதிர்ந்த அகேட் கற்கள் ஆற்றுப் படுகைகளில் கிடைக்கின்றன. குஜராத்தில் இரத்தன்பூர்க் கல்லைச் சூடேற்றிச் சிவப்பாக்கிக் காம்பே நகரில் மணிகளாக்குவர். ஈரோட்டை அடுத்த கொடுமணலிலும், கீழடியிலும் அகழ்ந்தெடுத்த அகேட், சூதுபவள மணிகளை நண்பர்கள் அறிவர்.

தங்கவயல் பாறையின் வயதோ சுமார் 270 கோடி ஆண்டு. அங்கும் ஒருகாலத்தில் கடலடியில் எரிமலைக் குழம்பு பொங்கியது. பெத்தபள்ளிப் பக்கத்தில் தலையணைகளை அடுக்கினாற்போல் உறைந்த குழம்பு அதற்குச் சான்று. ஆயினும் பின்னால் வந்த வெப்பமும் அழுத்தமும் அப்பாறைகளைப் பிசைந்துவிட்டன. நுண்படிகங்கள் வளர்ந்து பருத்தன. ஆகவே அங்கே அகேட் நிலைத்திருக்க வழியில்லை. ஜாஸ்பரை ஒத்த அடுக்குகளும் இரும்பு வரி கொண்ட குவார்ட்சைட் பாறையாக மாறிவிட்டன. குன்றுகளில் கருமையும் செம்மையும் மாறிமாறித் தோன்றும் அக்கல்லைத்தான் பலர் ஜாஸ்பர் என்று எடுத்து வருகிறார்கள். என் கண்ணுக்கு அது ஜாஸ்பரினும் அழகு.

சோதிப்பது எளிது. உடைந்த முனையை உருப்பெருக்கியில் பாருங்கள். சர்க்கரைக் கட்டிபோல் மணிமணியாகத் தெரிந்தால் குவார்ட்சைட். மெழுகுபோல் வழவழப்பாக, சிப்பியின் வளைவுடன் உடைந்திருந்தால் ஜாஸ்பர். இரண்டுமே கண்ணாடியைக் கீறும். உள்ளே உருண்டைக் குமிழ்கள் இருந்தால், அது உலைக் கசடாக இருக்கலாம்.

எங்கே எடுக்கலாம்? அமெரிக்காவின் பாலைவனப் பொதுநிலங்களில் பொழுதுபோக்குக்காக அளவோடு கல் பொறுக்கப் பெரும்பாலும் அனுமதியுண்டு. கல்லாகிய மரத்துக்கு நாளொன்றுக்கு 25 பவுண்டும் ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 பவுண்டும் என்பது வரம்பு. நம் நாட்டு நிலை வேறு. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், அகேட்டும் ஜாஸ்பரும் 2015 முதல் சிறு கனிமப் பட்டியலில் உள்ளன. அவற்றுக்கு விதி செய்வது மாநில அரசு. பெத்தபள்ளிப் பாறை தேசியப் புவியியல் சின்னம். அதில் சுத்தியல் படவே கூடாது, புகைப்படம் போதும்.

நம்மவர் "சயனைடு மலை" என்றழைக்கும் மேடுகளில் ஏறவும் வேண்டா. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபின்னும் அந்தக் கழிவுமண் அங்கேயே கிடக்கிறது, காற்றடித்தால் பறக்கிறது. அது பெரும்பாலும் மாவாய் அரைத்த பாறைப்பொடி, சிலிக்கா நிறைந்தது.

அத்தூசியை எங்கள் வீடு அறியும். வடஆர்க்காட்டிலிருந்து பிழைக்க வந்த என் பாட்டனார் நிலத்தடியில் துளைபோடும் வேலை பார்த்தவர். கடைசி ஆண்டுகளில் படுத்துறங்க இயலாமல் திண்ணையில் உட்கார்ந்தே இரவைக் கழித்தார் என்று பாட்டி சொல்வார். நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பாகும் நோய் அது, சிலிக்கோசிஸ் என்பர். அதற்கு இழப்பீடு வழங்க மைசூர் அரசு 1940-இல் விதிகள் செய்தது. 1940-களில் தங்கவயல் தொழிலாளர் 7,000-க்கும் மேற்பட்டோரைச் சோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேலானவர்க்கு அந்நோய் காணப்பட்டது. தழும்பை நீக்கும் மருந்து இன்றும் இல்லை.

ஆகையால் விடுதி அறையில் கல் அறுத்து மெருகிடும் நண்பர்கள் நீர் ஊற்றியே அறுக்க வேண்டும். சேற்றை ஈரமாகவே வழித்துக் கொட்ட வேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இந்தத் தூசியைத் தடுக்காது. நுண்தூசிக்கான வடிகட்டிக் கவசமே வேண்டும். உலர்ந்த கல்லை அறுக்கும் ஓசை எந்த அறையில் கேட்டாலும், கதவைத் தட்டி நான் வந்துவிடுவேன்.