எளிய உரைக்கோப்பில் பணிப்பட்டியல்: கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஏழு பேர் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்கு விண்ணப்பித்தார்கள். ஆறு பேரின் விவரங்களை உடனே பதிவேற்றிவிட்டேன். ஏழாவது மாணவிக்கு வருமானச் சான்று வரவில்லை. ‘சான்று வந்ததும் பதிவேற்ற வேண்டும்’ என்று கைபேசியில் வைத்திருந்த ஒரு பணிப்பட்டியல் செயலியில் குறித்துக்கொண்டேன். இடையில் கைபேசி பழுதாகி வேறொன்று வாங்கினேன். அதே செயலியைப் புதிய கைபேசியில் நிறுவியபோது பட்டியல் வெறுமையாக இருந்தது. என் குறிப்புகள் எங்கே, எந்த வடிவில் சேமிக்கப்பட்டிருந்தன என்பதே எனக்குத் தெரியாது. சான்று வந்து என் மேசை இழுப்பறையில் கிடந்தது. கடைசி நாள் கடந்த பிறகுதான் அதைப் பார்த்தேன்.

அந்தத் தேர்வில் தேர்ச்சி பெற்றுத் தெரிவு செய்யப்பட்டால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய், நான்காண்டுகளில் 48,000 ரூபாய். அந்த மாணவி தேர்வே எழுதவில்லை. ஏன் என்று என்னிடம் கேட்கவும் இல்லை.

அதன்பின் எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: நாளை இந்தச் செயலி இல்லாமல் போனால் என் பட்டியலை வேறொன்றில் திறக்க முடியுமா? ‘முடியும்’ என்ற விடை எளிய உரைக்கோப்பில் கிடைத்தது. தடித்த எழுத்து, வண்ணம், கட்டம் எதுவும் இல்லாமல் எழுத்துகளை மட்டும் சேமிக்கும் கோப்பு அது. நோட்பேடில் எழுதிச் சேமிப்பது அதைத்தான். எந்தக் கணினியும் எந்தக் கைபேசியும் அதைத் திறக்கும்.

தமிழில் எழுதுவோர் இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பழைய வினாத்தாள்களை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்திருப்பீர்கள். பொருளற்ற குறிகளின் வரிசைதான் தெரியும். அவற்றை உரைக்கோப்பாகச் சேமித்தாலும் அதே கதிதான். பட்டியலை ஒருங்குறியில் எழுதினால் மட்டுமே அது வேறு இடத்திலும் தமிழாகத் திறக்கும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரநிலையாக அறிவித்துவிட்டது. ஆனாலும் நம் பள்ளிக் கணினிகள் பலவற்றில் பழைய பழக்கம் போகவில்லை. இன்னொரு எச்சரிக்கை: பழைய விண்டோஸில் உள்ள நோட்பேடு, தமிழ்க் கோப்பைச் சேமிக்கும்போது எச்சரிக்கைப் பெட்டி ஒன்றைக் காட்டும். படிக்காமல் ‘சரி’ என்று அழுத்தினால் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். சேமிக்கும் பெட்டியில் குறிமுறை என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இனி எழுதும் முறை. அமெரிக்க எழுத்தாளர் ஜினா டிரபானி 2006இல் உருவாக்கிய டுடூ டெக்ஸ்ட் என்ற முறையை நான் பின்பற்றுகிறேன். ஒரு வரிக்கு ஒரு பணி. கூட்டல் குறியை ஒட்டி அந்தப் பணி எந்தத் திட்டத்தைச் சேர்ந்தது என்பதை எழுத வேண்டும். @ குறியை ஒட்டி எங்கே அல்லது யாரிடம் செய்ய வேண்டியது என்பதை எழுத வேண்டும். என் கோப்பில் மூன்று வரிகள்:

2025-07-04 புதிய சேர்க்கை மாணவர் விவரம் பதிவு +எமிஸ் @ஆய்வகம்
2025-07-08 8ஆ வரிசை எண் 23 வருமானச் சான்று கேட்க +உதவித்தொகை @பெற்றோர்
2025-07-11 மேலாண்மைக் குழுத் தீர்மானம் எழுத +குழு @அலுவலகம்

பணி முடிந்ததும் வரியின் தொடக்கத்தில் ஆங்கிலச் சிறிய எக்ஸ் எழுத்தைச் சேர்த்தால் போதும். வட்டார வள மையத்துக்குப் போகும் நாளில் @மையம் என்று தேடினால், அங்கே முடிக்க வேண்டியவை எல்லாம் கிடைத்துவிடும். அந்த முறையின் விதிப்படி வரியின் தொடக்கத்தில் வரும் தேதி, பணியை எழுதிய தேதி. நான் அங்கே கெடுத் தேதியை எழுதுகிறேன். விதிமீறல்தான், எனக்கு உதவுகிறது.

ஆண்டை முதலில் எழுதுவது ஏன்? 04-07-2025 என்று எழுதி அகரவரிசைப்படுத்தினால் எல்லா மாதங்களின் நான்காம் தேதிகளும் ஒன்றாகக் குவியும். ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் எழுத்து வரிசையே கால வரிசையாகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் மாணவர்களின் பிறந்த நாள்களை இரு விதமாகவும் எழுதச் சொல்லி வரிசைப்படுத்திக் காட்டினேன். ஒரு பாடவேளை போனதே தெரியவில்லை.

கருவிகளுக்கு வருவோம். கணினியில் நோட்பேடே போதும். அதில் எஃப்5 விசையை அழுத்தினால் அன்றைய தேதியும் நேரமும் வந்து விழும். அதற்கு வரிசைப்படுத்தத் தெரியாது. அதற்கு மட்டும் நோட்பேடு பிளஸ் பிளஸ். ஆண்ட்ராய்டு கைபேசியில் மார்க்கர் என்ற கட்டற்ற செயலி டுடூ டெக்ஸ்ட் முறையைப் புரிந்துகொள்ளும். அதை நீக்கினாலும், நீங்கள் தெரிவு செய்த கோப்புறையில் கோப்பு அப்படியே இருக்கும். நீக்கிப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

ஓர்க் மோடு என்பது பெரிய கருவி. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003இல் தொடங்கியது. ஈமேக்ஸ் மென்பொருளுக்குள் இயங்குகிறது. பல கோப்புகளில் சிதறிய பணிகளைத் திரட்டி வார நிரலாகக் காட்டும். ஒரு கோடை விடுமுறை முழுவதும் அதன் விசைக் கூட்டுகளைப் பயின்றேன். ஜூனில் பள்ளி திறந்ததும் கைவிட்டேன். கணினியிலேயே நாள் முழுதும் இருப்பவர்களுக்கு அது பொருந்தும். வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் நடந்துகொண்டே இருக்கும் நமக்கு அல்ல. டாஸ்க்வாரியர் என்ற கருவி முன்பு பணிகளை உரைக்கோப்பில் வைத்திருந்தது. 2024இல் வந்த மூன்றாம் பதிப்பில் தரவுத்தளத்துக்கு மாறிவிட்டது. ஆகவே கருவியின் பெயரை மட்டும் கேட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள். கோப்பைத் திறந்து பாருங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உரைக்கோப்பு மணி அடிக்காது. தினமும் காலை 8.45க்குக் கைபேசியில் ஒலிப்பான் வைத்து, அது ஒலித்ததும் கோப்பைத் திறக்கிறேன். வீட்டுக் கணினியிலும் கைபேசியிலும் ஒரே சமயத்தில் திருத்தினால் இரண்டு பிரதிகள் உருவாகும். எது சரி என்று நாமே ஒப்பிட வேண்டியிருக்கும். ஆதலால் திருத்துவது கைபேசியில் மட்டும், வெள்ளிக்கிழமை தோறும் கணினிக்கு ஒரு நகல் என்று வைத்துக்கொண்டேன். முக்கியமாக, இந்தக் கோப்பை எடுக்கும் எவரும் படித்துவிடலாம். மாணவரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பெற்றோரின் கைபேசி எண் எதையும் இதில் எழுதக் கூடாது. பெயரைக்கூட நான் எழுதுவதில்லை. வகுப்பும் வருகைப் பதிவேட்டு வரிசை எண்ணும் போதும்.

சென்ற ஆண்டு ஜூலையில் இரண்டு வார மருத்துவ விடுப்பில் போக நேர்ந்தது. பொறுப்பை ஏற்ற ஆசிரியை அதுவரை இப்படிப்பட்ட கோப்பைப் பார்த்ததில்லை. புலனத்தில் அனுப்பினேன். எந்தச் செயலியும் நிறுவாமல் அப்படியே திறந்தார். சற்று நேரத்தில் அழைத்தார்.

“சார், 8ஆ இருபத்து மூன்று யாரு? வருமானச் சான்றுன்னு போட்டிருக்கே, அந்தப் பிள்ளையோட அம்மா இப்போ பள்ளிக்கு வந்திருக்காங்களாம்.”