வரத்துக்கால் உன் பட்டாவில் இல்லை

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. கோவளம் தொடங்கி கல்பாக்கம் வரை மனை பிரித்து விற்று நீ நன்றாக வந்திருக்கிறாய்; அதில் எனக்குச் சந்தோஷம்தான். "எல்லாம் என் உழைப்பு, சாமியா வந்து பத்திரம் பதிஞ்சு கொடுத்துச்சு?" என்று நீ பேசுவதாகக் கேள்விப்பட்டேன். கோபப்பட்டு எழுதவில்லை. உன் கணக்கு எங்கோ இடிக்கிறது, அதைச் சொல்லிவிடலாமே என்றுதான்.

நீ உழைத்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் செல்வம் உழைப்புக்கான கூலி என்றால், தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் விடியுமுன் அலையில் படகைத் தள்ளுகிறவர்கள் அல்லவா முதலில் மாடி வீடு கட்டியிருக்க வேண்டும்? உன் மனைகளுக்கு விலை ஏறியது 2002இல் கிழக்குக் கடற்கரைச் சாலை திருந்தியதால். சிறுசேரிக்குக் கம்பெனிகள் வந்ததால். கடலோரமாக இருந்தும் மணல்மேட்டுக்கு அடியில் நல்ல தண்ணீர் கிடைப்பதால். ரோட்டைப் போட்டது அரசாங்கம்தானே என்பாய். சரி, அதற்குப் பின்னால் வரி கட்டியவர்கள் இருக்கிறார்கள். தண்ணீருக்குப் பின்னால் மழை இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாகப் பின்னால் போனால் கடைசியில் நிற்பவர் கடவுள் என்பது என் நம்பிக்கை. அதை உன்னை ஒப்புக்கொள்ள வைக்க இந்த வாதம் போதாது. கடைசியில் நிற்பது நீ இல்லை என்பதற்கு இது தாராளமாகப் போதும்.

கோயில் திருப்பணிக்கு நீ அள்ளிக் கொடுப்பதும் எனக்குத் தெரியும். கல்வெட்டில் உன் பெயர் சாமி பெயரைவிடப் பெரிதாக இருப்பதாகவும் சொன்னார்கள். மாமல்லபுரம் பக்கம் போகும்போது கணேச ரதத்தின் வடமொழிக் கல்வெட்டை ஒரு தடவை நின்று பார். அத்யந்தகாமன் என்ற பட்டம் கொண்ட பல்லவன் சிவனுக்குக் கோயில் எடுத்து, அந்தக் கோயிலுக்குத் தன் பட்டத்தையே பெயராக வைத்தான். அதே கல்வெட்டில், உள்ளத்தில் ருத்திரனுக்கு இடம் தராதவர்கள் மீது ஆறு முறை சாபம் இருக்கிறது. இறைவனை மறக்காதே என்று சொன்னவன், தன்னையும் யாரும் மறந்துவிடக்கூடாது என்று பார்த்துக்கொண்டான். ஆனால் நடந்தது என்ன? அத்யந்தகாமன் எந்தப் பல்லவன் என்பதில் ஆய்வாளர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. உள்ளே இருந்த லிங்கமும் இல்லை, இப்போது பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். கருங்கல்லில் வெட்டிய ராஜா பெயருக்கே இந்தக் கதி என்றால், கிரானைட்டில் பெயிண்ட் அடித்த உன் பெயர் எத்தனை நாளைக்கு?

எல்லாம் அவன் கொடுப்பதுதான் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாமே என்று கேட்பாய். நியாயமான கேள்வி. மதுராந்தகம் ஏரியைப் பார். 1790களில் கிழக்கிந்தியக் கும்பினியின் ஜாகீர் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, உடைந்து உடைந்து போன அந்தக் கரையை ஆள் விட்டுப் பலப்படுத்தினார். பணம், ஆள், அதிகாரம் எல்லாம் அவர் கையில் இருந்தன. அடைமழை இரவில் கரை தாங்குமா என்று பார்க்கப் போனவர், வில்லோடு இருவர் காவல் நிற்கக் கண்டார் என்பது ஊர்க்கதை. கரை நின்றது, வேண்டிக்கொண்டபடி கோதண்டராமர் கோயிலில் தாயாருக்குச் சன்னதி கட்டினார் என்கிறார்கள். அவர் பெயர் அங்கே கல்லில் இருக்கிறது. வில்லாளிகளை அவர் பார்த்தாரா என்பதை விட்டுவிடு. மண் கொட்டி, கல் அடுக்கி, மதகு பார்த்த பிறகுதான் அவர் கை கூப்பியிருக்கிறார். தன் வேலையில் ஒரு குறையும் வைக்காத ஆளுக்குத் தன் கை எதுவரை எட்டும் என்றும் தெரிந்திருந்தது. ஊர்க்காரர்களும் கலெக்டருக்கு ஒரு கல்வெட்டைக் கொடுத்துவிட்டு, ஏரி காத்த பெயரை ராமருக்கு வைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்தப் பங்கீடு சரியாகப்படுகிறது.

கடவுள்தான் கொடுக்கிறார் என்றால் படகுக்காரருக்கு ஏன் குறைத்தார் என்றும் கேட்கலாம். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதுமில்லை. ஆனால் "நான் நல்லவன், அதனால் எனக்குக் கொடுத்தார்" என்று நினைப்பதும் உன் பழைய பேச்சைப் போன்ற கர்வம்தான், விபூதி பூசிக்கொண்டு வருகிறது, அவ்வளவே. கொடுத்தவனை நினைக்கிறவனுக்கு, தன் கைக்கு வந்ததில் அடுத்தவர் பங்கும் இருக்கிறது என்பது உறைக்கும்.

மறந்தவன் எப்படி நடந்துகொள்வான் என்பதை நம் மாவட்டத்தில் தேடிப் போக வேண்டியதில்லை. ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயை, அந்த வரத்துக்காலை, மண் போட்டு நிரவி மனை போட்டுவிடுகிறான். 2015 டிசம்பரில் முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததற்கு மழையும் அடையாறும் மட்டும் காரணமில்லை. தண்ணீர் தங்கிய இடத்திலும் போகிற வழியிலும் நாம் குடியேறியிருந்தோம். மழை பெய்யும் என்பதையே மறந்த வியாபாரத்தை உழைப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து நீ போடப்போகும் மனைப்பிரிவின் வரைபடத்தை எனக்கு அனுப்பு. கிராம வரைபடத்தையும் கூடவே வை. வரத்துக்கால் எந்த சர்வே எண்ணில் போகிறது என்று பார்த்து, இரண்டு பக்கமும் இடம் விட்டுக் கல் நடு. நாலைந்து மனை குறையும், குறையட்டும். திருப்பணிக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து அந்தக் காலைத் தூர் வாரு. அங்கே பெயர்ப் பலகை வேண்டாம்.

அன்புடன்,
மாமா