குறட்டையும் ஸுப்ஹுத் தொழுகையும்

ஜும்ஆ நாளில் கதீபு மிம்பரில் ஏறிச் சற்று நேரம் ஆவதற்குள் தலை கவிழ்ந்து உறங்கிப்போகும் ஒருவர் அநேகமாக எல்லா மஹல்லாவிலும் இருக்கிறார். சிறுவர்கள் அவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "தீன் விஷயம் என்றால் மட்டும் தூக்கம் வந்துவிடும்" என்று பெரியவர்கள் முணுமுணுப்பார்கள். வீட்டிலோ இன்னும் மோசம். அவர் விடும் குறட்டை தாங்காமல் மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய் வருடக்கணக்காகியிருக்கும். ஸுப்ஹுக்குப் பாங்கு சொல்லி, ஜமாஅத்து முடிந்து, சூரியனும் கிளம்பிய பிறகு தலைவலியோடு எழுந்து உட்காருவார். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் அசதி தீர்ந்திருக்காது. 'ஷைத்தான் அழுத்திப் பிடித்திருக்கிறான்' என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவார்கள்.

இப்படிப்பட்டவர்களில் கணிசமானோர் சோம்பேறிகள் அல்லர், நோயாளிகள். ஸ்லீப் ஆப்னியா என்று மருத்துவர்கள் சொல்லும் உறக்க மூச்சுத்தடை நோய் அது. இந்நோய் பற்றியும் இதற்குரிய சி-பேப் என்னும் காற்று மிஷின் பற்றியும், தொழுகை நோன்பு முதலியவற்றில் எழும் மஸ்அலாக்கள் பற்றியும் வாசகர்கள் சிலர் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். நமக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறோம்.

முதலில் நோய் இன்னதென்று புரிந்துகொள்ள வேண்டும். உறங்கும்போது உடலின் தசைகளெல்லாம் தளர்கின்றன. இந்நோயாளிக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கைச் சுற்றியுள்ள சதையும் அளவுக்கு மீறித் தளர்ந்து பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைத்துவிடுகின்றன. நெஞ்சு ஏறி இறங்கும். காற்று மட்டும் உள்ளே போகாது. 10 விநாடியோ அதற்கு மேலோ இப்படி மூச்சு நின்றால் ஒரு தடை என்று கணக்கு. சிலருக்கு அரை நிமிடத்துக்கு மேலும் நிற்பதுண்டு. இரத்தத்தில் பிராணவாயு குறைந்ததும் மூளை திடுக்கிட்டு அவரை அரைகுறையாக எழுப்பும். பெரிய செருமலோடு மூச்சு திரும்பும். உடனே மறுபடி உறங்கிவிடுவார். காலையில் இதில் எதுவும் அவருக்கு நினைவிருக்காது. மூச்சு முழுவதும் நிற்பது, பாதி அடைபடுவது இரண்டையும் சேர்த்து, மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது, 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது என்று பிரித்திருக்கிறார்கள். மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேர உறக்கத்தில் 210 தடவை கழுத்தை நெரித்து விட்டதற்குச் சமம். அல்லாஹ் உறக்கத்தை மனிதனுக்கு இளைப்பாறுதலாக ஆக்கியிருப்பதாக 'நபஃ' அத்தியாயத்தில் கூறுகிறான். அந்த நிஃமத்து இவருக்கு ஒவ்வோர் இரவும் துண்டு துண்டாகிப் போகிறது. பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவதில் என்ன ஆச்சரியம்?

பருத்த உடலுள்ளவர்களுக்கு மட்டும் வருவது என்று எண்ண வேண்டாம். கழுத்து தடித்தவர்களுக்கும், தாடை சிறுத்தவர்களுக்கும், தொண்டைச் சதை வளர்ந்த பிள்ளைகளுக்கும் வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. ஆனால் நம் பெண்கள் குறட்டையைச் சொல்ல வெட்கப்பட்டு, இரத்தக் கொதிப்புக்கு மட்டும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கட்டுக்குள் வராத இரத்தக் கொதிப்புக்கும், இருதயத் துடிப்பின் கோளாறுக்கும் பின்னால் இந்நோய் ஒளிந்திருப்பதுண்டு. வண்டி ஓட்டுகிறவருக்கு இது இருந்தால் ஆபத்து அவரோடு நிற்பதில்லை.

இனி மார்க்கத்துக்கு வருவோம். உறங்குகிறவன் விழிக்கும்வரை அவனை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்னும் ஹதீதின் கருத்தை எல்லோரும் அறிவோம். இன்னும் நெருக்கமான ஒரு செய்தி அபூதாவூதில் இருக்கிறது. ஸஃப்வான் இப்னு முஅத்தல் (ரளி) அவர்களின் மனைவியார், தம் கணவர் சூரியன் உதிக்கும்வரை ஸுப்ஹு தொழுவதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். ஸஃப்வான் (ரளி) அவர்களும் அங்கேயே இருந்தார்கள். தங்கள் குடும்பத்தார் இதற்குப் பேர்போனவர்கள் என்றும், சூரியன் உதிக்கும்வரை எழ முடிவதில்லை என்றும் சொன்னார்கள். விழித்ததும் தொழுதுகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கடிந்துரைக்கவில்லை, பழிக்கவில்லை. ஸஃப்வான் (ரளி) அவர்களுக்கு இந்நோய் இருந்தது என்று நாம் சொல்லவரவில்லை. உறக்கத்தில் சிலருக்கு இயல்பிலேயே பாரம் உண்டு என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. குறட்டைக்காரரை ஏளனம் செய்யும் மஹல்லாவாசிகள் இந்த ஹதீதை ஒரு முறை படிக்கட்டும்.

இத்தோடு நிறுத்திவிட்டால் பாதி மட்டுமே சொன்னவர்களாவோம். கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் இரவின் கடைசியில் தங்கியபோது, ஸுப்ஹுக்கு எழுப்பும் பொறுப்பை நாயகம் (ஸல்) அவர்கள் பிலால் (ரளி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிலால் (ரளி) அவர்களையும் தூக்கம் மிகைத்துவிட்டது. வெயில் பட்டே எல்லோரும் விழித்தார்கள். அப்போது எவர் மீதும் குற்றம் வரவில்லை. ஏனெனில் படுக்கும் முன்னே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. உறக்கத்தில் தவறிப்போவதை அலட்சியமாகக் கருதாமல், விழிப்பில் தவறுவதையே அலட்சியமாகக் கருதும் கருத்தில் முஸ்லிம் கிரந்தத்தில் ஹதீது வந்திருக்கிறது. இதை நம் விஷயத்தில் பொருத்திப் பாருங்கள். நோய் இன்னதென்று தெரியாதவரை அவர் உறங்கியது உறக்கம்தான். பரிசோதனை செய்து, நோய் தெரிந்து, மருந்தும் கைக்கு வந்த பின், மிஷினைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, 'எனக்குத்தான் வியாதியாயிற்றே' என்று ஸுப்ஹைக் களாவாக்கினால், அந்தத் தவறு உறக்கத்தில் நடந்ததல்ல. விழித்திருக்கும்போது நடந்தது. வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளை, செய்துகொள்ளும்படியே நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அணிந்து பழகச் சிரமப்படுகிறவரைப் பற்றி நாம் இதைச் சொல்லவில்லை. அவருடைய முயற்சிக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. முயலாமல் மூடி வைத்தவரைப் பற்றியே பேசுகிறோம்.

அந்த மிஷின்தான் என்ன? ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரத்து மருத்துவர் காலின் ஸல்லிவனும் அவருடைய தோழர்களும் ஐந்து நோயாளிகளிடம் இதைச் சோதித்து 1981ல் லான்ஸெட் மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். ஒரு சிறு பெட்டி அறையிலுள்ள காற்றை இழுத்து, குழாய் வழியாக, மூக்கில் அணிந்த மாஸ்க்குக்குள் மெல்லிய அழுத்தத்தோடு அனுப்புகிறது. சரிந்து விழும் சதையை அந்தக் காற்று தாங்கிப் பிடிக்கிறது. கூடாரத்தை உள்ளிருந்து காற்று நிமிர்த்தி வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். இது ஆக்ஸிஜன் ஸிலிண்டர் அன்று. 'அத்தாவுக்கு ஆக்ஸிஜன் வைத்துவிட்டார்களாம்' என்று சொந்தக்காரர்கள் யாஸீன் ஓத வந்துவிட வேண்டியதில்லை. இது நோயை அடியோடு போக்குவதுமன்று. மூக்குக் கண்ணாடியைப் போல, அணிந்திருக்கும்வரை பயன் தரும். உடல் எடை குறைந்தால் சிலருக்கு நோய் தணிந்து மிஷினே தேவைப்படாமல் போகலாம். அதை மருத்துவர் மறுபடி சோதித்தே சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு மூன்று வாரங்கள்தான் கஷ்டம். பலர் கைவிடுவதும் அப்போதுதான். முகத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணம், மூச்சு முட்டும் பயம், வாய் உலர்தல், பட்டை கன்னத்தில் பதித்த தழும்பு, இவையெல்லாம் வரும். உறங்கும் நேரத்தில் முதன்முதலாக மாட்டிக்கொண்டு போராடுவதைவிட, இஷாவுக்குப் பின் உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதும் அரை மணி நேரம் விழிப்பிலேயே அணிந்து பழகுவது நல்லது. குறைந்த அழுத்தத்தில் தொடங்கிச் சிறுகச் சிறுக ஏறும் அமைப்பு அநேக மிஷின்களில் இருக்கிறது. அதைப் போட்டுத் தரும்படி கேட்க வேண்டும். பட்டையை இறுக்கினால் காற்றுக் கசிவு நிற்கும் என்று எண்ணி இறுக்கிக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலும் மாஸ்க்கின் அளவுதான் தவறு. வலக்கைப் பக்கமாகச் சாய்ந்து படுக்கும் சுன்னத்தும் இங்கே துணை செய்கிறது. மல்லாந்து படுத்தால்தான் அநேகருக்கு அடைப்பு அதிகம்.

தாடியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க், தாடி உள்ளவர்களுக்குச் சரியாகப் படியாமல் காற்று கசியும். 'தாடியை எடுத்துவிடுங்கள்' என்று சொல்லப்பட்டதைக் கேட்டு மனம் வெறுத்து மிஷினையே திருப்பிக் கொடுத்த பெரியவரை நாம் அறிவோம். தாடியையும் எடுக்க வேண்டாம், மிஷினையும் திருப்ப வேண்டாம். மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் சிறிய ரப்பர் முனைகள் கொண்ட மாஸ்க் இருக்கிறது. தாடிக்கும் அதற்கும் சம்பந்தமேயில்லை. வாய் திறந்து உறங்குகிறவருக்கு அது ஒத்து வருமா என்பதை மட்டும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஒளு விஷயம். பயானில் கண்ணயர்ந்தவர் எழுந்து அப்படியே தொழலாமா? ஷாபிஈ மத்ஹபில், புட்டம் தரையில் நன்றாகப் பதிந்த நிலையில் உட்கார்ந்து உறங்கினால் ஒளு முறியாது. ஹனபி மத்ஹபில், சாயாமல் உட்கார்ந்து உறங்கினால் முறியாது. தூணிலோ சுவரிலோ சாய்ந்து, அதை எடுத்தால் விழுந்துவிடுவார் என்னும் நிலையில் உறங்கினால் முறியும் என்று குதூரியில் காண்கிறோம். இஷாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த ஸஹாபாக்களின் தலைகள் தூக்கத்தில் ஆடியதும், அவர்கள் ஒளுச் செய்யாமல் தொழுததும் ஹதீதில் வந்தவையே. ஆனால் தம் உறக்கம் எவ்வளவு ஆழமானது என்று இந்நோயாளிக்கே தெரியாது. பக்கத்திலிருந்தவர் உலுக்கி எழுப்பும் அளவுக்கு அயர்ந்திருந்தால் ஒளுவைப் புதுப்பித்துக்கொள்வது பேணுதல். ஸுப்ஹு தவறி விழித்தவர், ஷாபிஈயானால் உடனே களாச் செய்யட்டும். ஹனபியானால் சூரியன் சற்று உயரும்வரை பொறுக்கட்டும்.

ரமளான் மாதம்தான் இவர்களுக்கு உண்மையான சோதனை. தராவீஹ் முடிந்து படுத்து, ஸஹருக்கு எழுந்து மாஸ்க்கைக் கழற்றுகிறார். ஸுப்ஹு தொழுதுவிட்டு, 'கொஞ்ச நேரம்தானே' என்று அப்படியே சாய்ந்துவிடுகிறார். கனவு காணும் உறக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அந்த உறக்கத்தில்தான் தசைகள் மிகவும் தளர்ந்து தடையும் நீளும். ஆகவே அந்தக் 'கொஞ்ச நேரம்' மாஸ்க் இல்லாமல் படுப்பது இரவின் முற்பகுதியில் படுப்பதைவிடக் கெடுதி. லுஹருக்கு முன்னுள்ள கைலூலா உறக்கமும் அப்படித்தான். பகலோ இரவோ, படுத்தால் மாஸ்க் வேண்டும்.

நோன்பில் மிஷின் போட்டால் நோன்பு முறியுமா என்பதே நம்மிடம் அதிகம் கேட்கப்படுவது. வெறும் காற்றால் நோன்பு முறியாது. பொருள் என்று சொல்லத்தக்க ஒன்று உள்ளே போவதுதான் ஷாபிஈ சட்டத்தில் நோன்பை முறிக்கும். காற்றும் வாசனையும் அவ்வகையில் சேராதவை. ஆனால் மூக்கு உலராமலிருக்க, மிஷினோடு சேர்ந்த சிறு தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது ஆவியாகிக் காற்றோடு கலந்து போகிறது. சில வேளைகளில் குழாயில் துளியாகத் திரண்டு மூக்கில் தெறிப்பதும் உண்டு. ஆகவே நோன்பின் பகலில் அந்தத் தொட்டியைக் காலியாக்கி, சூடேற்றுவதை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் பயன்படுத்துவதே பேணுதல். தண்ணீர் இல்லாமலும் மிஷின் ஓடும். மூக்கு மிகவும் உலர்ந்து இரத்தம் வருகிறவர் போன்றோர் தம் ஊர் ஆலிமிடமும் மருத்துவரிடமும் நிலைமையைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும். இரவில் ஊற்றும் தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். மாஸ்க்கை ஸுப்ஹுக்கு ஒளுச் செய்யும்போதே மிருதுவான சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்துவிட்டால் மறக்காது. மின்சாரம் அடிக்கடி நிற்கும் ஊர்களில் இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டுக்கொள்ள வேண்டும்.

மனைவி மக்களுக்கு ஒரு வார்த்தை. இரவில் மூச்சு எத்தனை நேரம் நிற்கிறது என்று பார்த்து மருத்துவரிடம் சொல்ல உங்களால்தான் முடியும், நோயாளிக்குத் தெரியாது. மாஸ்க்கோடு பார்த்து, 'யானை மாதிரி இருக்கிறது' என்று பிள்ளைகள் கேலி செய்தால் கண்டியுங்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே கழற்றி வைத்தவர்கள் இருக்கிறார்கள். மிஷினின் மெல்லிய இரைச்சல் பழைய குறட்டைக்கு முன் ஒன்றுமேயில்லை என்பதைப் பக்கத்தில் படுப்பவர்கள் சீக்கிரமே அறிந்துகொள்வார்கள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் மிஷினைப் பெரிய பெட்டியில் போடாமல், மருத்துவச் சீட்டோடு கையில் எடுத்துச் செல்ல வேண்டும். மினாவில் கூடாரத்தில் மின்சார இணைப்பு கிடைக்கும் இடமாகப் படுக்கை கேட்டு வாங்க வேண்டும். முஸ்தலிபாவின் இரவுக்குத் தனி பேட்டரி தேவை. இஹ்ராமுடைய நிலையில் முகத்தை மூடுவது ஹனபி மத்ஹபில் ஆணுக்கும் தடுக்கப்பட்டது. ஷாபிஈ மத்ஹபில் ஆண் முகத்தை மூடலாம், தலையை மூடலாகாது. எனவே தலையைச் சுற்றி வரும் பட்டையின் அகலம் கவனிக்கப்பட வேண்டியது. பெண்ணுக்கு இரு மத்ஹபிலும் முகம் பற்றிய சட்டம் உண்டு. நோயின் நிர்ப்பந்தத்தால் அணிகிறவருக்குக் குற்றமில்லை. பித்யா வருமா என்பதே கேள்வி. ஹுதைபிய்யாவில் தலையில் பேன் மொய்த்து அவதிப்பட்ட கஅப் இப்னு உஜ்ரா (ரளி) அவர்களுக்குத் தலைமுடி களைய அனுமதித்து, மூன்று நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஓர் ஆடு என்று நாயகம் (ஸல்) அவர்கள் பித்யாவைக் காட்டிக் கொடுத்தார்கள். மாஸ்க்கின் அமைப்பைப் பொறுத்துச் சட்டம் மாறக்கூடும். ஆகவே ஹாஜிகள் ஊரிலிருந்து புறப்படும் முன், மாஸ்க்கையே கையில் எடுத்துச் சென்று தம் மத்ஹபின் ஆலிமிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.